உப்புக் காற்றும் தூண்டில் வளையமும்

எங்கள் ஊரில் ஒரு சைக்கிள் செயின் ஒரு மழைக்காலத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம். அகத்தியம்பள்ளி உப்பளத்தின் மேல் ஏறி வருகிற காற்று, ஜன்னல் கம்பி, கதவுத் தாழ்ப்பாள், மோட்டார் மூடியின் போல்ட்டு என்று எதையும் விட்டுவைக்காது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து அள்ளினாரே, அதே உப்புதான். வேதாரண்யத்தில் பிறந்தவனுக்கு இரும்பு எப்படிச் சாகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் தூண்டில் ராடு கட்டுகிற வேலையில் இறங்கிய பிறகு, அந்தப் பாடத்தை ராட்டுக்குப் பொருத்திப் பார்க்க எனக்கு நாலைந்து வருஷம் பிடித்தது.

என் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார், மீன் கம்பெனி ஐஸ் மெஷின் மோட்டார், மிக்ஸி, ஃபேன் எல்லாம் கடைக்கு வரும். தூண்டில் ராடு கட்டுவது அதன் ஓரத்தில் முளைத்த வேலை. இப்போது இரண்டும் சரிபாதி.

தூண்டிலை எனக்குக் கையில் கொடுத்தவர் என் பெரியப்பா. அவர் காலத்தில் ராடும் இல்லை, ரீலும் இல்லை. மூங்கில் கோல், நரம்பு, தக்கை, முள், ஒரு சிரட்டை நிறைய மண்புழு. அவ்வளவுதான். ஆனால் கோலைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு இருந்த கண்டிப்பு இன்றைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து ராடு வாங்குகிற பலரிடம் இல்லை. உள்ளே துளை இல்லாத கல்மூங்கில்தான் வேண்டும் என்பார். அதையும் தேய்பிறையில் வெட்ட வேண்டும். வெட்டியதும் அடுப்புக்கு மேலே பரணில் கிடத்தி, ஒரு வெள்ளாமைக் காலம் முழுக்கப் புகை காட்டுவார். மூங்கிலில் மாவுச்சத்து மிகுந்திருந்தால் வண்டு துளைக்கும், புகை ஏறினால் அண்டாது. வெட்டுகிற நாளுக்கு எவ்வளவு பலன் என்பது எனக்குத் தெரியாது, புகைக்கு இருந்த பலனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு ஒவ்வொரு கணுவையும் வைக்கோல் தீயில் வாட்டி, முழங்காலில் வைத்து நிமிர்த்தி, வேப்பெண்ணெய் பூசுவார்.

நிமிர்த்திய கோலை அடியில் பிடித்து ஒரு உதறு உதறிவிட்டு என்னிடம் சொல்வார்: "வளையுதான்னு பாக்காதடா தம்பி, எங்க வளையுதுன்னு பாரு." கெண்டைக்கு என்றால் கோல் நடுவரைக்கும் வளைய வேண்டும். கெண்டையின் வாய் மெல்லிசு, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். விராலுக்கு என்றால் நுனி மட்டும் குனிய வேண்டும், மிச்சமெல்லாம் கடப்பாரை மாதிரி நிற்க வேண்டும். ஆம்பல் கொடிக்குள் புகுந்த விராலை வெளியே இழுக்க அந்தக் கடினம் இல்லாவிட்டால் முடியாது. (விராலைப் பற்றி இன்னொன்றும் சொல்வார். செக்கச்செவேல் என்று குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தால் அந்த இடத்தில் தூண்டில் போடக் கூடாது. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. நான் இன்றும் அதை மீறியதில்லை.)

அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் கோலைப் பற்றித்தான். மூங்கில் தூண்டிலில் நரம்பு நுனியில் முடிச்சுப் போட்டுத் தொங்கும். வளையத்தைக் கற்றுத்தர அவரிடம் வளையமே கிடையாது. அந்தக் குறை பின்னாளில் என் வேலையில் தெரிந்தது.

2011 வாக்கில், சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் நுனி ஒடிந்த கார்பன் ராடு ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தார். "அண்ணே, நீங்க காயில் சுத்துறீங்க, இந்த வளையத்தைச் சுத்திக் கட்ட மாட்டீங்களா?" கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ராட்டில் வளையங்களை ஆணியோ பசையோ பிடித்திருப்பதில்லை. வளையத்தின் காலைக் கோலின் மேல் வைத்து, நூலை இழைக்கு இழை ஒட்டி நெருக்கமாகச் சுற்றி, மேலே பிசின் பூசி உறைய வைப்பார்கள். சுற்றுவது என் கைக்குப் பழக்கம். மோட்டாருக்குக் கட்டுகிற நூலை எடுத்தேன், மோட்டாருக்கு ஊற்றுகிற வார்னிஷையே பூசினேன். பார்க்க அழகாக வந்தது. அடுத்த விடுமுறைக்கு அவர் வந்தபோது வார்னிஷ் பழுத்து, வெடித்து, உள்ளே நூல் ஊறிப்போய் வளையம் ஆடிக்கொண்டிருந்தது. மோட்டாருக்குள் கம்பி வளையாது, ராடு வளையும். வளையாத பூச்சு வளைகிற பொருளின் மேல் நிற்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இரண்டு பாகம் கலக்கிற எபாக்ஸியைத் தேடி வாங்கினேன். ராட்டுக்கென்றே செய்கிற எபாக்ஸி உறைந்த பிறகும் கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

பிளாங்க் என்பது வெறும் கோல். கைப்பிடி, ரீல் பூட்டும் இடம், வளையம் எதுவும் ஏறாதது. எஃகுக் கம்பி ஒன்று, அடி பருத்து நுனி சிறுத்து இருக்கும். அதன் மேல் பிசின் ஊறிய கார்பன் துணியையோ கண்ணாடி இழைத் துணியையோ சுருட்டி, மேலே நாடாவால் இறுக்கிக் கட்டி, அடுப்பில் வேகவைத்து, கம்பியை உருவிவிட்டால் உள்ளே துளையோடு கோல் நிற்கும். துணியை எந்த இடத்தில் எத்தனை சுற்று, எந்த வாட்டத்தில் வெட்டிச் சுற்றுகிறார்கள் என்பதில்தான் பெரியப்பா சொன்ன 'எங்க வளையுது' என்பது இருக்கிறது. கணுவும் முற்றலும் செய்த வேலையை இப்போது கத்தரிக்கோல் செய்கிறது.

நம் மூங்கிலுக்கும் இதில் ஒரு பழைய பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மூங்கிலைப் பிளந்து பட்டையாக்கி ஒட்டி ராடு செய்தபோது, கல்கத்தா மூங்கில் என்ற பெயரில் இங்கிருந்துதான் மூங்கில் போனது. பிறகு அந்த இடத்தைத் தென்சீனத்து டாங்கின் மூங்கில் பிடித்துக்கொண்டது. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹெச். எஸ். தாமஸ் 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' என்று இந்தியத் தூண்டிலுக்கு ஒரு நூலே எழுதினார். இரண்டாம் உலகப்போரை ஒட்டிக் கண்ணாடி இழை வந்தது, 1970-களில் கார்பன் வந்தது. இன்றைக்கு வருகிற பிளாங்குகளில் 24டி, 30டி, 40டி என்று எழுதியிருக்கும். அது இழையின் விறைப்பைச் சொல்கிற எண். எண் ஏற ஏற அதே விறைப்பைக் குறைந்த எடையில் கொண்டுவரலாம். நுனியில் மீன் மூக்கால் தொட்டால்கூட உள்ளங்கையில் தெரியும். ஆனால் அடி தாங்காது. வள்ளத்தின் விளிம்பில் இடித்தால், ஈயக்குண்டு ஒரு தட்டுத் தட்டினால், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். மீன் இழுக்கிற நாளில் அந்த இடத்தில் பட்டென்று போகும்.

ஆறுகாட்டுத்துறையிலிருந்தோ வெள்ளப்பள்ளத்திலிருந்தோ கடல் தொழில் பார்க்கிற ஆள் வந்தால் 40டி பக்கமே நான் போவதில்லை. கண்ணாடி இழையும் கார்பனும் கலந்த பிளாங்கு, அல்லது 24டி. அவர்கள் ராட்டைத் துணிப்பையில் வைத்துக் காப்பாற்றப் போவதில்லை, காப்பாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. புஷ்பவனம் கரையில் நின்று வீசுகிறவருக்குப் பன்னிரண்டு அடிக்குக் குறைந்தால் பயனில்லை. அங்கே கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கும். குண்டு அலை உடைகிற இடத்தைத் தாண்டி விழுந்தால்தான் காலாவோ கிழங்கானோ எடுக்கும். வேதாரண்யம் கால்வாயிலும் முகத்துவாரத்திலும் கொடுவாய்க்கு நிற்கிறவருக்கு ஏழடி போதும். அங்கே தூரத்தைவிடக் குறிதான் முக்கியம், மரக்கட்டை ஓரத்தில் சாண் இடத்தில் போட வேண்டும்.

பிளாங்கு கைக்கு வந்ததும் மூன்று காரியம் செய்வேன். கண்ணுக்கு நேராகப் பிடித்து நேர்மை பார்ப்பேன். தரையோட்டின் மேல் அடியை ஊன்றி, நுனிப்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தி உருட்டுவேன்; ஓரிடத்தில் கோல் தானே திரும்பி நிற்கும். துணியின் ஓரம் ஏறி விழுந்த பக்கம் விறைப்பு கூடியிருப்பதால் அப்படி. அதை முதுகு என்போம். முதுகைப் பார்த்துத்தான் வளையம் வைக்க வேண்டும் என்று ஒரு சாரார் அடித்துச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது முதுகைவிட நேர்மைக்கே முதலிடம் தருகிறேன். லேசாகக் கோணல் இருந்தால் அந்தக் கோணல் மேல்நோக்கி வருகிற மாதிரி வளையத்தை வைப்பேன், வளையங்களின் எடையில் அது சரியாகிவிடும். மூன்றாவது, நுனியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டுச் சுவரில் வளைவைக் கரிக்கோட்டால் வரைந்துகொள்வேன். என் கடைச் சுவரில் அப்படி ஐம்பது அறுபது கோடு இருக்கும். புதிதாக வருகிறவரிடம் டி கணக்கைச் சொல்வதைவிட, "இந்தக் கோடு வேணுமா, அந்தக் கோடு வேணுமாண்ணே?" என்று கேட்டால் சட்டென்று புரிந்துகொள்கிறார்.

மின்சார வேலை பார்க்கிறவனாக ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மூங்கில் பழக்கத்தில் வந்த நமக்கு இது மனதில் பதிவதே இல்லை. நம் பக்கத்தில் வாய்க்காலுக்குக் குறுக்கே, வயல் வரப்புக்கு மேலே மின்கம்பி தொய்ந்து போகாத இடம் குறைவு. பன்னிரண்டடிக் கார்பன் ராட்டைத் தோளில் நிமிர்த்திக்கொண்டு அதன் கீழே நடப்பது இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்குச் சமம். வீசும்போது தொட வேண்டும் என்பதுகூட இல்லை, உயர் அழுத்தக் கம்பிக்கு அருகே போனாலே பாயும். இடி மின்னல் நேரத்தில் கரையில் நிற்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நான் கட்டிக் கொடுக்கிற ஒவ்வொரு ராட்டின் கைப்பிடிக்கு மேலேயும் "மின்கம்பி கவனம்" என்று எழுதி, அதன் மேல்தான் எபாக்ஸி பூசுகிறேன்.

கோல் விஷயத்தில் பெரியப்பாவின் பாடம் கைகொடுத்தது. வளையத்தில் நான் சறுக்கினேன். வளையத்தைக் கைடு என்போம். முதல் சில வருஷங்கள் நல்ல பிளாங்கு வாங்கி, மிச்சக் காசில் கிடைத்த கைடைக் கட்டினேன். கடைக்கு வருகிறவரும் அதையே விரும்பினார். ராட்டை ஆட்டிப் பார்த்தால் தெரிவது கோல்தான், கைடு கண்ணில் படாது.

ஒருநாள் ஆறுகாட்டுத்துறைக்காரர் ஒருவர் கோபமாக வந்தார். நான் கட்டிக் கொடுத்த ராடு. ஒரே வாரத்தில் மூன்று தடவை பெரிய மீன் இழுத்ததும் பின்னல் நூல் அறுந்துபோயிற்று. நூல் போலி என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அறுந்த முனையைப் பார்த்தேன். இழுவையில் அறுந்தது மாதிரி இல்லை, ஒரு பக்கம் அரைத்த மாதிரி பஞ்சு பறந்திருந்தது. மருந்துக்கடைப் பஞ்சில் ஒரு கிள்ளு எடுத்து ஒவ்வொரு கைடுக்குள்ளும் விட்டு, சுற்றிலும் தேய்த்து இழுத்தேன். ஐந்து கைடில் வழுக்கிக்கொண்டு வந்தது. நுனிக் கைடில் நாலைந்து இழை மாட்டி நின்றது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் வளையத்தின் உள்விளிம்பில் தலைமுடி அளவு ஒரு பள்ளம். பின்னல் நூல் தானே மிருதுவானது. ஆனால் ஈரத்தோடு உப்பும் நுண்மணலும் அதில் ஏறிவிடும். அந்த நூல் மலிவு வளையத்தின் முலாமை அரம் போல அறுத்துவிட்டது. பிறகு அந்தப் பள்ளம் நூலை அறுத்தது. அவரிடம், "நூல் மேல தப்பில்லண்ணே, என் மேலதான்" என்று சொல்லி, எல்லாக் கைடையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

பிரித்தபோதுதான் அடுத்த பாடம் கிடைத்தது. மூன்று கைடுகளின் காலைச் சுற்றி நூலுக்குள்ளே பழுப்பு ஏறியிருந்தது. கைடின் கால்முனை மொத்தமாக இருந்தால் நூல் ஏறாது, அதனால் அரத்தால் சீவிக் கூராக்குவோம். சீவின இடத்தில் மேல்பூச்சு போய்விட்டது. அங்கே எபாக்ஸி சரியாகப் பிடிக்காத ஒரு ஊசிமுனை இடைவெளி. அதற்குள் உப்புநீர் புகுந்து உட்கார்ந்தால் காற்றுப் படாது, எவர்சில்வருக்குக்கூட அந்த இடத்தில் காவல் போய்விடும். அடியில் இருப்பதோ கார்பன். ஒரு பக்கம் கார்பன், ஒரு பக்கம் உலோகம், நடுவே உப்புத்தண்ணீர். மோட்டார் கடைக்காரனுக்கு இதைப் பார்த்ததும் புரிந்திருக்க வேண்டும்: இது பேட்டரி. அதில் கரைவது எப்போதும் உலோகம்தான். அதனால்தான் ரீல் பூட்டுகிற அலுமினியமும் கார்பன் ராட்டில் சீக்கிரம் பூத்துப்போகிறது.

அன்றிலிருந்து முறையை மாற்றினேன். கைடு காலைச் சீவினால், சீவின முகத்தில் உடனே மெல்லிசாக எபாக்ஸி தடவி உலரவிட்ட பிறகே கட்டுவேன். சட்டம் 316 வகை எவர்சில்வராக இருக்க வேண்டும். அதில் மாலிப்டினம் சேர்வதால் 304-ஐவிட உப்புக்கு அதிகம் தாங்கும். வசதி உள்ளவருக்கு டைட்டானியம். கடல்நீரில் அதற்குத் துரு என்பதே கிடையாது, எடையும் குறைவு, ஆனால் ஒன்றின் விலைக்கு எவர்சில்வர் மூன்று நான்கு வாங்கலாம். உள்வளையம் அலுமினியம் ஆக்சைடு, அதைவிட மேலாக சிலிக்கான் கார்பைடு. ஜப்பானின் ஃபூஜி கம்பெனி கைடுகளில் இரண்டாவது வகை பிரசித்தம். அது கடினமானது, வழவழப்பானது, நூல் உரசி எழும் சூட்டையும் சீக்கிரம் கடத்திவிடும். காசு குறைவான ஆளிடம் நான் பேரம் பேசுவது இப்படி: எல்லாம் உயர்ந்ததாக வேண்டாம், நுனிக் கைடும் ரீலுக்கு அடுத்த பெரிய கைடும் மட்டும் முதல்தரம் போடுங்கள். நுனியில்தான் நூல் மடங்கித் திரும்புகிறது. பெரிய கைடுதான் எங்கேயாவது இடிபடுகிறது.

எத்தனை கைடு, எங்கே என்பதற்கு அட்டவணைகள் உண்டு. அடிக்கு ஒன்று, கூட ஒன்று என்பது பழைய கணக்கு. முன்பக்கம் பார்த்துச் சுற்றுகிற ரீல் என்றால் ஸ்பூல் விட்டத்தின் 27 மடங்குத் தூரத்தில் நூலின் சுழலெல்லாம் அடங்கிவிட வேண்டும் என்று ஒரு கணக்கும் இருக்கிறது. நான் அட்டவணையில் தொடங்கி வளைவில் முடிப்பேன். சைக்கிள் கடையில் கிடைக்கிற வால்வு டியூபைப் பொடிப்பொடி வளையமாக நறுக்கி, அதால் கைடுகளைக் கோலின் மேல் தற்காலிகமாகப் பிடித்துவைப்பேன். நூலைக் கோத்து, தண்ணீர் பாட்டிலைக் கட்டி வளைத்து, பக்கவாட்டில் நின்று பார்ப்பேன். நூல் கோலின் வளைவோடு கூடவே வர வேண்டும். எங்கேயாவது வளைவை விட்டுக் குறுக்கே ஓடினால் அங்கே பளு ஓரிடத்தில் குவிகிறது என்று அர்த்தம். கைடை அரை விரல், ஒரு விரல் நகர்த்துவேன், மறுபடி தொங்கவிடுவேன். ஒரு ராட்டுக்கு இதற்கு மட்டும் ஒரு சாயங்காலம் போய்விடும்.

நூல் சுற்ற நைலான் நூல்தான். ஒரு காலத்தில் அழகுக்காகக் கும்பகோணத்தில் ஜரிகை வாங்கி ஓரம் கட்டினேன். உள்ளே செம்பு இருப்பதால் எபாக்ஸிக்கு அடியிலேயே கறுத்துப்போனது, விட்டுவிட்டேன். எபாக்ஸி பூசியபின் ராடு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பக்கம் வழிந்து முட்டி நிற்கும். பழைய மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றுகிற சின்ன மோட்டாரைக் கழற்றி அதற்கு வைத்திருக்கிறேன். நிமிஷத்துக்கு ஐந்தாறு சுற்று. மெதுவாக, சலிக்காமல் ஓடும். ஐப்பசி கார்த்திகையில் காற்றின் ஈரத்தில் எபாக்ஸி பால்போல் மங்கும். அந்த இரண்டு மாதம் கூடுமானவரை பூச்சு வேலை எடுப்பதில்லை.

எடுத்த ஒரு தடவை 2018 நவம்பர் 15. புயல் வருகிறது என்று தெரியும். ராடு கேட்டவர் அவசரப்படுத்தியதால் மத்தியானம் பூசிவிட்டேன். சாயங்காலம் கரண்ட் போனது. எபாக்ஸி இன்னும் தேன் பதத்தில் இருக்கிறது. அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் மாறி மாறிக் கையால் உருட்டினோம். காற்று உறுமத் தொடங்கியதும் ராட்டை உத்தரத்தில் கட்டிவிட்டுப் பிள்ளைகளோடு உள்ளறைக்குப் போனோம். நள்ளிரவுக்கு மேல் கஜா கரை ஏறியது. விடிந்தபோது கடையின் ஓடுகள் இல்லை, தெருவில் தென்னை இல்லை, பெரியப்பா வைத்த மூங்கில் குத்து வேரோடு சாய்ந்து கிடந்தது. உத்தரத்தில் ராடு இருந்தது. இரண்டாவது கைடின் கீழே எபாக்ஸி ஒரு துளியாகத் திரண்டு உறைந்திருந்தது. பல வாரம் கழித்து அதைச் சுரண்டிச் சரிசெய்கிறேன் என்றேன். "இருக்கட்டும்ணே, அப்படியே குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார். இன்றும் அந்தத் துளியோடுதான் வைத்திருக்கிறார். நுனிக் கைடு மட்டும் ஒருமுறை மாற்றியிருக்கிறேன்.

புதிதாக ராடு வாங்கவோ கட்டிக்கொள்ளவோ வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இது. உப்புக் காற்று வீசுகிற கரையில் நிற்கப் போகிறீர்கள் என்றால், பிளாங்கில் ஒரு படி இறங்குங்கள், கைடில் ஒரு படி ஏறுங்கள். நடுத்தரப் பிளாங்கும் நல்ல கைடும் சேர்ந்த ராடுகள் பத்து வருஷம் ஓடியதை என் கையால் பார்த்திருக்கிறேன். உயர்ந்த பிளாங்கில் மட்டமான கைடு கட்டியது எதுவும் எங்கள் ஊரில் இரண்டு மழையைத் தாண்டவில்லை. கடலிலிருந்து வந்ததும் ஒரு குடம் நல்ல தண்ணீரை ராட்டின் மேல், ஒவ்வொரு கைடின் கால் ஓரமும் நனையும்படி ஊற்றுங்கள். அறுந்த நூலைக் கரையில் போடாமல் சுருட்டி எடுத்து வாருங்கள். கோடியக்கரைக்கு வருகிற பறவைகளின் காலில் அது சுற்றுகிறது. வீட்டில் ராடு இருந்தால் இன்றைக்கே ஒரு கிள்ளு பஞ்சை நுனிக் கைடுக்குள் விட்டு இழுத்துப் பாருங்கள். ஓர் இழை மாட்டினாலும் அடுத்த தடவை கடலுக்குப் போவதற்குள் அதை மாற்றிவிடுங்கள்.